மலை மேல இருந்து வேலை தேட எந்த வெப்சைட் நல்லது?

+2 முடிச்ச பசங்க, டிப்ளமோ முடிச்ச பொண்ணுங்க, டிகிரி வாங்கிட்டு வீட்ல சும்மா இருக்கிறவங்கன்னு நம்ம ஏற்காட்டுப் பக்கத்துல யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, வேலைக்கு நல்ல வெப்சைட் எதுண்ணா?"

கேள்வி சின்னது. நாலு பேரு சொல்லி அனுப்பிடலாம், அதுவும் கீழே சொல்றேன். ஆனா அந்த நாலு பேரை மட்டும் சொல்லி அனுப்பினா பாதி உபகாரம்தான். வெப்சைட் தெரியாததால வேலை போனவங்களைவிட, தெரிஞ்சும் அதுக்குள்ள தன் பேர்ல ஒரு கதவு இல்லாததால வேலை போனவங்களைத்தான் நான் இந்த மலையில அதிகம் பார்த்திருக்கேன். அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நம்ம மலையில வேலை எப்பவுமே விளம்பரம் பார்த்துக் கிடைச்சதில்லை. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இங்க காப்பியைக் கொண்டு வந்து நட்டார். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கறது வாய்வார்த்தையாத்தான். மேஸ்திரி வருவார், இத்தனை ஆள் வேணும்பார், நாம போவோம். நவம்பர்ல இருந்து காப்பிப் பழம் எடுப்பு, அதை ஒட்டியே மிளகு, மே மாசம் சீசன்ல ரிசார்ட்டுல ரூம் பாய், சமையல் உதவி, ஜீப் ஓட்டறது. இதுல ஒண்ணுகூட எந்த வெப்சைட்லயும் வராது. தெரிஞ்சவர் சொன்னா உண்டு, இல்லேன்னா இல்லை.

மலைக்குள்ள இருக்கிற வரைக்கும் இது ஓடும். ஆள் யாரு, எஸ்டேட் எதுன்னு நமக்குத் தெரியும். கூலி வரலேன்னா வாசல்ல போய் உட்காரலாம். ஆனா 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிட்டா கதை வேற. "வெளியூர்ல வேலை இருக்கு, நல்ல காசு, வண்டி அனுப்பறோம்"னு வர்ற ஆளோட வீடு எதுன்னு யாருக்கும் தெரியாது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? செத்தவங்க பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஆளுங்க. அதுல பலபேர் நம்மள மாதிரி மலை ஊர்க்காரங்க. அவங்க செஞ்சது சரியா தப்பா, போலீஸ் செஞ்சது சரியாங்கறதெல்லாம் தனி விவாதம். என்ன வேலை, யார் முதலாளி, எந்த ஊருங்கற மூணு கேள்விக்கும் பதில் புரோக்கர் வாயில மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்காகத்தான் சொல்றேன்.

அதனால வெப்சைட் வந்தது நமக்கு நல்லதுதான். அந்த மூணு கேள்விக்கும் பதில் எழுத்துல இருக்கும். புரோக்கர் வேணாம். ஆனா நடந்தது என்னன்னா, புரோக்கர் போன இடத்துல இன்னொருத்தர் வந்து உட்கார்ந்துட்டார்.

ஒரு கதை சொல்றேன். நாகலூர்ப் பக்கத்துல ஒரு பொண்ணு, நர்சிங் டிப்ளமோ. பேரு வேணாம். சேலத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல போய் ஒரு அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டுச்சு. சென்டர்க்காரர் கெட்டவர் இல்லை, கூட்டம் ஜாஸ்தி, அவ்வளவுதான். "மெயில் ஐடி இருக்காம்மா?" இல்லை. "செல் நம்பர்?" இருக்கு, ஆனா போன் வீட்ல அப்பாகிட்ட. ஓடிபி வந்தா யார் சொல்றது? அதனால அவரே தன்னோட நம்பரையும் மெயிலையும் போட்டு, தனக்குத் தெரிஞ்ச ஒரு பாஸ்வேர்டையும் போட்டு முடிச்சுட்டார். கையில ஒரு பிரிண்ட் அவுட். பொண்ணு சந்தோஷமா பஸ் ஏறி வந்துடுச்சு.

சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட எஸ்எம்எஸ் எங்க போச்சு? அவரோட போனுக்கு. தினமும் இப்படி நூறு மெசேஜ் வர்ற போன். அவர் பார்க்கல. பொண்ணுக்குத் தெரிய வந்தப்போ தேதி தாண்டி ஒரு வாரம். மறுபடி லாகின் பண்ணிப் பார்க்கலாம்னா பாஸ்வேர்ட் இல்லை. மாத்தலாம்னா ஓடிபி அவருக்குத்தான் போகும். சென்டரையும் அதுக்குள்ள காலி பண்ணிட்டு வேற இடம் போயிட்டார்.

அந்தப் பொண்ணுக்கு மார்க் இருந்துச்சு, படிப்பு இருந்துச்சு, வெப்சைட்டும் சரியான வெப்சைட்தான். இல்லாதது சொந்தமா ஒரு மெயில் ஐடி.

நான் அந்தச் சென்டர்க்காரரைக்கூட ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கமெல்லாம் போனீங்கன்னா தெரியும். ஊருக்குள்ள சிக்னல் கிடைக்காத வீடுங்க உண்டு. ஒரு பாறை மேல ஏறி நின்னா ரெண்டு கட்டை வரும். கீழ சேலத்துல உட்கார்ந்து பாரம் நிரப்பறவங்களுக்கு, மேல வீட்ல இருக்கிற போனுக்கு ஓடிபி வந்து, அதை அப்பா படிச்சுச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும். இந்த வெப்சைட்டுங்களைச் செஞ்சவங்க எல்லாருமே விண்ணப்பிக்கிறவர் கையிலேயே போன், போன்ல எப்பவும் சிக்னல்னு நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க. மலையில அப்படி இல்லைங்கறது அவங்களுக்குத் தெரியாது. நாமதான் சுதாரிச்சுக்கணும்.

அதனால எந்த வெப்சைட்டுக்கும் போறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. பத்தாவது மார்க் ஷீட்ல பேர் எப்படி இருக்கோ, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கோ அப்படியே வச்சு ஒரு மெயில் ஐடி. பாஸ்வேர்டை ஒரு நோட்டுல எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்துல வைங்க. (நோட்டுல எழுதக்கூடாதுன்னு கம்ப்யூட்டர் படிச்சவங்க திட்டுவாங்க. மறந்துபோற பாஸ்வேர்டைவிட நோட்டுல இருக்கிற பாஸ்வேர்ட் எவ்வளவோ மேல்.) செல் நம்பர் உங்களோடதா இருக்கட்டும். அதை ரீசார்ஜ் பண்ணாம மாசக்கணக்குல விட்டா கம்பெனிக்காரன் கட் பண்ணி இன்னொருத்தருக்குக் குடுத்துடுவான். அப்புறம் உங்க இன்டர்வியூ மெசேஜ் திருநெல்வேலியில யாருக்கோ போகும். சென்டருக்குப் போறப்போ போனைக் கையோட கொண்டு போங்க. "நான் போட்டுக்கிறேன்"னு அவர் சொன்னாலும், "இல்லீங்கண்ணா, என் நம்பரே போடுங்க"ன்னு சொல்றதுல கூச்சம் வேணாம்.

சரி, இப்போ வெப்சைட்டுக்கு வருவோம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுல ஒரு குழப்பம் எல்லார்கிட்டயும் இருக்கு. அதுவும் இப்போ ஆன்லைன்ல தான், 'டிஎன் வேலைவாய்ப்பு'ன்னு அரசு தளம் இருக்கு. பத்தாவது, பன்னெண்டாவது முடிச்சதும் பதிஞ்சுடறாங்க. பதிஞ்சுட்டா வேலைக்கு அப்ளை பண்ணின மாதிரின்னு நினைச்சு வீட்ல உட்கார்ந்துடறாங்க. அது அப்படி இல்லை. டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்கும் அந்த சீனியாரிட்டிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா பதிவை விட்டுடவும் கூடாது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை இல்லேன்னா உதவித்தொகை கேக்கலாம். பத்தாவது பாஸுக்கு மாசம் 300, +2-வுக்கு 400, டிகிரிக்கு 600 ரூபாய், மூணு வருஷத்துக்கு. தொகையைப் பார்த்துச் சிரிக்காதீங்க, விண்ணப்பம் போட போற பஸ் செலவுக்காவது ஆகும்.

அரசு வேலைன்னா டி.என்.பி.எஸ்.சி. தளம், ஆசிரியர்னா டி.ஆர்.பி., போலீஸ்னா சீருடைப் பணியாளர் தேர்வாணையம், நர்ஸ், லேப் டெக்னீஷியன்னா 2012-ல ஆரம்பிச்ச மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. அவ்வளவுதான். டி.என்.பி.எஸ்.சி.-யில ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அஞ்சு வருஷம் செல்லும். எஸ்.டி. சான்றிதழ் இருந்தா பரீட்சைக் கட்டணம் கிடையாது. ஆனா அந்த எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் குடுக்கறது இல்லை, கோட்டாட்சியர் குடுக்கணும். நோட்டிபிகேஷன் வந்தப்புறம் அலைய ஆரம்பிச்சா கடைசித் தேதிக்குள்ள கையில வராது. பரீட்சை எதுவும் அறிவிக்காத மாசத்துலயே வாங்கி வச்சுடுங்க.

இன்னொண்ணு, நம்ம பசங்க பலருக்குத் தெரியாதது. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 2010-ல வந்த சட்டப்படி 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு. மலையில அரசுப் பள்ளியிலயும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலயும் படிச்ச பிள்ளைங்களுக்கு இது பெரிய வரம். ஆனா 2020-ல சட்டத்தைத் திருத்தினப்புறம் பள்ளிப் படிப்புல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துல இருந்தும் சான்றிதழ் வேணும். ரெண்டு மூணு ஸ்கூல் மாறினவங்க ஹெட்மாஸ்டரைத் தேடி இப்பவே கிளம்பிடுங்க. குரூப் 4-க்கு 2022-ல 20 லட்சத்துக்கும் மேல ஆளுங்க விண்ணப்பிச்சாங்க. அந்தக் கூட்டத்துல நமக்குன்னு இருக்கிற ஒரு சின்ன வழியை ஒரு கையெழுத்து இல்லாம விடறதா?

யாரும் பார்க்காத ஒரு தளம் சொல்றேன். சேலம் மாவட்டத்தோட அதிகாரபூர்வ தளம். அதுல அறிவிப்புகள் பகுதியில ஆட்சேர்ப்புன்னு ஒரு பக்கம் இருக்கும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துல ஒப்பந்த வேலை, அங்கன்வாடி, கிராம உதவியாளர், இப்படி மாவட்டத்துக்குள்ளேயே முடியற வேலைங்க எல்லாம் அங்கதான் வரும். பல வேலைக்குத் தபால்லயோ நேர்லயோ விண்ணப்பம் குடுத்தா போதும், ஓடிபி தொல்லை கிடையாது. வாரம் ஒரு தடவை பார்த்தா போதும். பெரிய பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டே இதையும் பார்க்கலாம். ரேஷன் கடை விற்பனையாளர் வேலைக்குக் கூட்டுறவுத் துறையோட மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் தனியா இருக்கு. அந்த லிஸ்ட்ல மலை ஊர்ப் பேருங்க குறைவா இருந்தா, காரணம் தகுதி இல்லாதது மட்டும்னு நான் நம்ப மாட்டேன்.

தனியார் வேலைக்கு வருவோம். நௌக்ரி 1997-ல இருந்து இருக்கு. இன்ஜினியரிங், அக்கவுண்ட்ஸ், ரெண்டு மூணு வருஷம் அனுபவம் உள்ளவங்களுக்குச் சரி. மான்ஸ்டர்னு ஒண்ணு இருந்துச்சே, அது 2022-ல பவுண்டிட்னு பேர் மாத்திக்கிச்சு. லிங்க்ட்இன் ஐ.டி. பக்கம் போறவங்களுக்கு உதவும். +2, ஐடிஐ முடிச்ச பையனுக்கு இதெல்லாம் பெருசா பிரயோஜனம் இல்லை. அப்னா, ஒர்க் இந்தியா மாதிரி ஆப்புங்க பரவாயில்லை, கடை, டெலிவரி, டெலிகாலர் வேலைங்க வரும். ஆனா அது சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் வேலைங்கதான் அதிகம். தங்க இடம், சாப்பாடு யார் குடுக்கறாங்கன்னு போன்லயே கேட்டுக்குங்க. 15 ஆயிரம் சம்பளத்துல வாடகை 5 ஆயிரம் போனா என்ன மிச்சம்?

நான் பசங்களுக்கு முதல்ல சொல்றது ரெண்டுதான். தமிழக அரசு 2020-ல ஆரம்பிச்ச தனியார் வேலை இணையதளம், மத்திய அரசோட 2015-ல வந்த நேஷனல் கேரியர் சர்வீஸ். ரெண்டும் இலவசம். பார்க்க அழகா இருக்காது, சில நாள் மெதுவாத்தான் திறக்கும், சில விளம்பரம் பழசா இருக்கும். இருந்தாலும் மாவட்டம், படிப்புன்னு பிரிச்சுத் தேடலாம். ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி முடிச்சவங்க அப்ரண்டிஸ் தளங்களை மறக்காதீங்க. போக்குவரத்துக் கழகம் அப்ரண்டிஸ் எடுக்கறதெல்லாம் அந்த வழியாத்தான். சம்பளம் குறைவுதான், ஆனா ஒரு வருஷம் கழிச்சு எந்தத் தளத்துல போனாலும் 'அனுபவம்'ங்கற கட்டத்துல எழுத ஒரு வரி இருக்கும். மலையில இருந்து போற பிள்ளைக்கு அந்தக் கட்டம் காலியா இருக்கிறதுதான் பெரிய அடி. ரெண்டு வருஷம் எஸ்டேட்ல கணக்கு எழுதியிருப்பான், யாரும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்க.

'இன்றைய வேலைவாய்ப்பு'ன்னு டெலிகிராம்ல, யூடியூப்ல, வாட்ஸ்அப்ல தினமும் வருதே, அது? அதை அலாரம் மாதிரி வச்சுக்குங்க. அலாரம் அடிச்சா எழுந்திருக்கணும், அலாரத்தையே கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கக்கூடாது :-) அவங்களுக்கு விளம்பரக் காசு, அதனால பழைய அறிவிப்பைக்கூட 'சற்றுமுன்'னு போடுவாங்க. பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தத் துறையோட சொந்தத் தளத்துக்குப் போய் அறிவிப்பைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்க. அரசுத் தளம்னா முகவரி 'ஜிஓவி டாட் இன்' இல்லேன்னா 'என்ஐசி டாட் இன்'னு முடியும். நடுவுல ஜிஓவி-ன்னு இருந்து, டாட் காம்-ல முடிஞ்சா கிட்டவே போகாதீங்க. 'முடியற' இடத்தைத்தான் பார்க்கணும், ஆரம்பத்தை இல்லை.

காசு கேட்டா? தேர்வுக் கட்டணத்தை அரசுத் தளத்துக்குள்ளயே கட்டறோம், அது வேற. வேலை வாங்கித் தர காசு, டிரெயினிங்குக்குக் காசு, லேப்டாப்புக்கு டெபாசிட்னா வெளியே வந்துடுங்க. படிச்சவங்க ஏமாற மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2022 ஜூன், ஜூலையில நம்ம தமிழ்நாட்டுப் பசங்க 28 பேர் புதுடெல்லி ரயில்வே ஸ்டேஷன்ல தினம் எட்டு மணி நேரம் நின்னு, வர்ற ரயில் எத்தனை, போற ரயில் எத்தனை, எத்தனை பெட்டின்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஒரு மாசம்! டிடிஇ வேலைக்கு, கிளார்க் வேலைக்கு டிரெயினிங்னு சொல்லியிருந்தாங்க. அதுக்கு லட்சம் லட்சமா குடுத்து, மொத்தம் 2 கோடியே 67 லட்சம். ரயில்வேக்கு ஆள் எடுக்கறது தேர்வு வாரியத் தளத்துல அறிவிச்சு, பரீட்சை வச்சுத்தான். பரீட்சையே எழுதாம டிரெயினிங்குக்கு யாராவது கூப்பிட்டாங்கன்னா அங்கயே தெரிஞ்சுக்கலாம். குடும்பமே வித்துக் குடுத்த காசு கண்ணை மறைச்சுடுச்சு, அவங்களைத் திட்டி என்ன ஆகப் போகுது?

வெளிநாடுன்னா இன்னும் கவனம். அதே 2022-ல தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு சமூக வலைத்தளத்துல விளம்பரம் பார்த்துப் போனவங்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திட்டுப் போய், இணைய மோசடி பண்ண வச்சாங்க. தமிழ்ப் பசங்களும் அதுல மாட்டி, அரசாங்கம் மீட்டுக் கொண்டு வந்துச்சு. ஏஜென்ட் பேர் சொன்னா மத்திய அரசோட இ-மைகிரேட் தளத்துல பதிவு இருக்கான்னு தேடுங்க. பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நம்ம மாநில அரசே 1978-ல இருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு நடத்துது, நர்சுங்க முதல்ல அங்க பாருங்க. காசு ஏற்கெனவே போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு மறைக்காம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணம் வங்கியில நிக்கறதுக்கு வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் பசங்களுக்கு. நம்ம ஊர் ரிசார்ட் ஓனர்களுக்கும் எஸ்டேட்காரங்களுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு. வருஷா வருஷம் "ஆள் கிடைக்கல, ஆள் கிடைக்கல"ங்கறீங்க. அந்தத் தனியார் வேலை தளத்துல கம்பெனிக்காரங்களும் இலவசமாவே பதியலாமே? ஏற்காடுன்னு போட்டுத் தேடினா நம்ம ஊர் வேலை வரட்டும், சம்பளம் எவ்வளவுன்னு எழுத்துல வரட்டும். எழுத்துல போட்டா சம்பளத்தை மத்தவன் பார்த்துடுவானேன்னு ஒரு பெரியவர் என்கிட்டயே சொன்னார். பார்க்கட்டுமே! சீசன் முடிஞ்சு பையன் கிளம்பறப்போ லெட்டர் பேடுல 'இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் வேலை செய்தார்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்களுக்குச் செலவு ஒரு தாள். சுற்றுலா வந்தவங்களுக்கு வைஃபை பாஸ்வேர்ட் குடுக்கற நீங்க, வேலை செய்யற பையனுக்கும் ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா பாறை மேல ஏற வேண்டிய வேலை அவனுக்கு மிச்சம்.

கீழ இறங்கறவங்களுக்கு ஒரு தகவல். சேலம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் கோரிமேட்டுல, நம்ம ஏற்காடு பஸ் போற ரோட்டுப் பக்கத்துலயேதான் இருக்கு. மாசாமாசம் வெள்ளிக்கிழமையில சின்ன அளவுல தனியார் வேலை முகாம் வைப்பாங்க, எந்த வெள்ளின்னு கேட்டுக்கிட்டுப் போங்க. போறப்போ ஒரிஜினல், ரெண்டு செட் ஜெராக்ஸ், போட்டோ, போன். போன்ல சார்ஜ் இருக்கட்டும்.